பெட்டியடி: பினாங்குக்கு ஒரு நாள் போதுமா?

போன இதழில் ஒருவர், மலேசியாவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறோம், ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தார். பினாங்குக்குப் போங்கள், ஜார்ஜ் டவுனில் கால் வலிக்க நடங்கள் என்று ரெண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த ரெண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செட்டிநாட்டில் பினாங்கு என்று பேரைச் சொன்னாலே யார் வீட்டிலாவது ஒரு பழைய டிரங்குப் பெட்டி திறந்துவிடும் போலிருக்கிறது. சரி, இந்த முறை சமையல் சந்தேகம், மருமகள் பஞ்சாயத்து எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். முழுக்கப் பினாங்குதான்.

கேள்வி: மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது கஷ்டம், பினாங்குக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்கிறார். மலை ரயில், பெரிய புத்தர் கோயில், கோட்டை, பாலம், பீச் எல்லாம் ஒரே நாளில் முடியுமா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி)

முடியும். நானே ஒருதரம் முடித்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். முதல் தடவை போனபோது என் கையில் இருந்த பட்டியலும் உங்கள் பட்டியலும் ஒன்றுதான். அங்கே பள்ளி விடுமுறை என்பது தெரியாமல் மலை ரயிலுக்குப் போய், ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, மலை மேலே ஏறிப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மேகம். ஊரும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. இறங்கி வந்து கெக் லோக் சி என்கிற அந்தப் புத்தர் கோயில் படிகளை உச்சி வெயிலில் ஏறி, அங்கிருந்து கடற்கரைக்கு ஓடி, கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு போனில் எடுத்த படங்களைத் தள்ளிப் பார்க்கிறேன், பாதிக்கு மேல் டாக்ஸி ஜன்னல் வழியாக எடுத்தது.

அதனால் மலையை விட்டுவிடுங்கள், 1923-லிருந்து அந்த ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த முறையும் ஓடும். பாலத்தைத் தனியாகப் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ வந்தால் எப்படியும் ஏதாவது ஒரு பாலத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். ஜார்ஜ் டவுன் என்கிற பழைய துறைமுக ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்து இறங்கி, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரை வைத்த ஊர். 2008-ல் மலாக்காவையும் இதையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. முக்கியமான இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. முடிந்தால் முதல் நாள் ராத்திரியே போய்த் தங்கிவிடுங்கள்.

கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். அங்கே விடியவே ஏழு ஏழேகால் ஆகும், அதனால் ஆறு மணிக்கு எழுந்து எல்லாரையும் விரட்டாதீர்கள். விடிந்ததும் முதலில் வெல்ட் கீ சாலை ஓரத்தில் இருக்கிற சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடலுக்குள் கால் நட்டு, அதன்மேல் பலகை போட்டு, ஒரே குலப்பெயர்க்காரர்கள் வீடு வீடாகக் கட்டிக்கொண்ட தெரு அது. காலையில் போனால் கடை திறந்திருக்காது, கூட்டம் இருக்காது, வாசலில் ஒரு பாட்டி பூஜை மாடத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருப்பார், பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். நம் தெருவில் வெளியூர்க்காரர்கள் வந்து கேட்காமல் முகப்புக்குள் ஏறி செல்ஃபி எடுக்கும்போது நமக்கு எப்படிச் சுருக்கென்று வருகிறது, அதே சுருக்கு அவர்களுக்கும் உண்டு.

அங்கிருந்து ஆர்மீனியன் தெரு. 2012-ல் லிதுவேனியாக்காரர் ஒருவர், எர்னஸ்ட் ஜகாரெவிச், சுவரில் அக்காவும் தம்பியும் சைக்கிளில் போவது மாதிரி வரைந்து, நிஜ சைக்கிளையே சுவரோடு பொருத்தி வைத்திருக்கிறார். படம் எடுக்க வரிசை இருக்கும், பேரப்பிள்ளைகள் கூட வந்தால் தப்ப முடியாது, பத்து நிமிஷம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கூ கோங்சி (இதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வியில் வருகிறது), அதற்கப்புறம் பழைய பேர் பிட் தெரு, இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்.

இந்தத் தெருவுக்காகத்தான் பினாங்குக்கே போகச் சொல்கிறேன். 1801-ல் நம் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் தலைவரான காதர் மொகுதீன் எழுப்பிய பள்ளிவாசல் ஒரு முனையில். சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயிலின் பின்பக்கம். வாசல் குயின் தெருவில் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போகவேண்டும். 1833-ல் கட்டியது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்களின் கோயில். அடுத்து குவான் யின் அம்மன் கோயில், ஆள் உயரத்துக்கு ஊதுபத்தி எரியும், புகை கண்ணில் ஏறினால் வெளியே வந்துவிடுங்கள், சீனப் பாட்டிகளுக்குப் பழக்கம், நமக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் வெள்ளை வெளேரென்று புனித ஜார்ஜ் தேவாலயம், 1818. தென்கிழக்கு ஆசியாவில் ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது இதுதான். நாலு சாமிக்கும் நடுவில் மொத்தமாக ஒரு கிலோமீட்டர்கூட இராது. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள், ஷூவோடு போனால் குனிந்து நிமிர்ந்தே இடுப்பு போய்விடும்.

நேராக நடந்தால் கோட்டை. கார்ன்வாலிஸ் பேர். ஆமாம், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை முற்றுகையிட்ட அதே கார்ன்வாலிஸ்தான். கோட்டை என்று பேரே தவிர ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. லைட் காடு வெட்ட ஆள் சேராததால் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடியே ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் சொன்ன ஆளுக்குக் கொத்து வேலைக்கு ஆள் பிடித்த அனுபவம் இருந்திருக்கவேண்டும். வெளியே நிற்கும் மணிக்கூண்டு 60 அடி, விக்டோரியா ராணி ஆண்ட அறுபது வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு ஓரடி. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்திருக்கிறது, தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியாது.

இதற்குள் பசிக்கும். சாப்பாடு, வீடு, சாயங்காலம் எல்லாம் மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள், தொடர்ந்து படியுங்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு 71 வயது. முழங்கால் வலி. சைவம். பேரன் கூட்டிப்போகிறேன் என்கிறான். நான் போனால் பிள்ளைகளுக்குத் தொந்தரவா?
(ஓர் ஆச்சி, தேவகோட்டை)

தொந்தரவெல்லாம் இல்லை ஆச்சி, தாராளமாகப் போங்கள். ஊர் சமதரை. ஐந்தடிப் பாதை என்று கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, மலாயில் காக்கி லீமா என்பார்கள், நம் வீட்டுத் திண்ணையைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டது மாதிரி. வெயிலும் படாது, மழையும் படாது. ஒரே சங்கடம், ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறார், நாலு எட்டுக்கு ஒரு படி ஏறி இறங்கவேண்டும், சில இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை அடைத்திருப்பார்கள். முழங்காலுக்கு அது ஆகாது. மூன்று சக்கர ரிக்‌ஷா பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே பெச்சா என்பார்கள். நீங்கள் முன்னால் ராணி மாதிரி உட்கார, மிதிக்கிறவர் பின்னால் இருப்பார். ஏறுவதற்கு முன்பே எத்தனை நேரம், எவ்வளவு ரிங்கிட் என்று பேசிவிடச் சொல்லுங்கள் பேரனிடம்.

சைவத்துக்கு லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். சீன, மலாய்க் கடையில் வெறும் கீரை, காய் என்று நம்பி வாங்காதீர்கள், அதில் பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது, வாயில் வைத்த பிறகுதான் தெரியும். ஒன்று மட்டும் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள் ஆச்சி: புலுட் ஹித்தாம். கறுப்பு ஒட்டரிசியைக் குழைய வேகவைத்துச் சர்க்கரை போட்டு மேலே தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் உங்களுக்கே சிரிப்பு வரும், நம் கவுனி அரிசிதான் அங்கே கஞ்சியாக உட்கார்ந்திருக்கிறது. நம்மவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்போமே, அது. நாம் துருவின தேங்காய் போட்டு உதிரியாகக் கிண்டுவோம், அவர்கள் தளர்வாகக் காய்ச்சுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சைவம்தான், பயம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பா) பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தாராம். பழைய கடிதக் கவர்கள் முப்பது நாற்பது இருக்கின்றன. எல்லாவற்றிலும் விலாசமும் (கடையின் பெயர்க்குறி) பினாங் ஸ்ட்ரீட் என்று ஒரு நம்பரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? ஸ்டாம்புகளை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், பிரித்துக் கொடுக்கலாமா?
(கோட்டையூர்)

பின்கேள்விக்கு முதலில் பதில்: பிரிக்கவே பிரிக்காதீர்கள். கவரிலிருந்து ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த அந்த நிமிஷமே அது வெறும் ஸ்டாம்பு. கவரோடு இருந்தால்தான் யார், யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் தபாலாபீஸ் முத்திரையோடு என்கிற கதை அதில் இருக்கும். பாதி ஸ்டாம்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்று போட்டிருக்குமே, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826-ல் ஒரே நிர்வாகமாகக் கட்டிய பேர் அது. நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கண்ணாடிக் கடைக்கும் கதவுக் கடைக்கும் நடுவில் இப்படிக் கவர்களைக் கட்டுக்கட்டாக, சணல் போட்டுக் கட்டி, கிலோக் கணக்கில் விற்பதை நானே பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை, ஒரு கட்டை வாங்கியும் வந்தேன், யாருடைய ஐயா என்று தெரியாத ஒருவரின் வட்டிக்கணக்கு இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பினாங் ஸ்ட்ரீட் இப்போது லெபு பினாங், லிட்டில் இந்தியாவின் நடுத்தெரு. துணிக்கடையும் பாட்டுச் சத்தமுமாக இருக்கும், அதற்கு நடுவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள். என் தாத்தா அந்தத் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமையலாளாக இருந்தவர், அவர் சொல்லிக் கேட்டது இது: நீளமான ஒரே கூடம், தரையில் பாய், ஒவ்வொரு மேலாளுக்கும் (முதலாளிக்காகக் கடையை நடத்துகிறவர்) ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் அடுத்தாள், பெட்டியடிப் பையன். பகலில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் லட்சக்கணக்கில் கடன் எழுதுவார்கள், ராத்திரி அதே பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே பாயில் படுப்பார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப்பயணம். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் இங்கே. இத்தனை பெரிய வீடு கட்டிய ஆள் தன் வாழ்நாளில் பாதியை ஆறடிப் பாயில் கழித்தார் என்பது எனக்கு இன்னும் ஜீரணம் ஆகாத விஷயம்.

நம்பர் மாறியிருக்கலாம், ஒரே கட்டிடத்தில் பத்து விலாசம் இருந்திருக்கலாம். கவரின் ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், அசலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தெருவில் நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், கோவில் வீடு இருக்கிறது. அங்கே போய் ஐயாவின் விலாசத்தையும் ஊரையும் கோயிலையும் சொல்லிக் கேளுங்கள். நம் ஆட்களுக்கு ஊரும் கோயிலும் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்களே கோத்துவிடுவார்கள்.

கேள்வி: அண்ணே, வெளிநாட்டுக்காரன் காசு செலவழித்து நம்ம ஊர் வீட்டைப் பார்க்க வருகிறான். நாம காசு செலவழித்து அங்கே போய் இன்னொரு பழைய வீட்டைப் பார்க்கணுமா?
(புதுவயல்)

நல்லாக் கேட்டீர்கள். பார்க்கணும், அதுவும் நாமதான் பார்க்கணும், ஏனென்றால் மற்றவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்.

லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீன வியாபாரி கட்டிய நீல வீடு இருக்கிறது. 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரியைக் கலந்து அடித்தது, அவுரி போனது இந்தியாவிலிருந்து. குறிப்பிட்ட நேரத்தில் ஆள் கூட வந்து சுற்றிக் காட்டுவார்கள், நேரம் தெரிந்துகொண்டு போங்கள். உள்ளே நுழைந்து முதல் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், நம் வளவில் நிற்கிற மாதிரியே இருக்கும். மழை வீட்டுக்குள்ளேயே விழும், விழுந்த தண்ணீர் செல்வம், அதனால் அதை அவசரமாக வெளியே விடாமல் சுற்றி வளைத்து விடவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஆட்கள் அதே மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

சர்ச் தெருவில் பெரனாக்கான் வீடு என்று பச்சை நிறத்தில் ஒன்று. சுங் கெங் குவீ என்ற சீனக் கப்பித்தான் (சமூகத் தலைவர்) கட்டியது, இப்போது அருங்காட்சியகம். இரும்புத் தூண் ஸ்காட்லாந்திலிருந்து, தரை ஓடு இங்கிலாந்திலிருந்து, கதவில் சீனத் தச்சு வேலை. நம் வீட்டில் தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம், தரைக்கு மட்டும் ஆத்தங்குடி. ரெண்டு பேரும் ஒரே கப்பல் கம்பெனிக்குக் கூலி கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே வீட்டைத் திறந்து வைத்து, டிக்கெட் போட்டு, அந்த வருமானத்தில் வெள்ளையடிக்கிறார்கள். இங்கே நாற்பது பங்காளிக்கும் கையெழுத்து வாங்க முடியாமல் பூட்டிக் கிடந்து, மேல்மாடியில் அரசமரம் முளைக்கிறது. (எந்த வீடு என்று கேட்டு எழுதாதீர்கள், உங்கள் தெருவிலேயே ரெண்டு இருக்கும்.)

கூ கோங்சி இன்னும் சுவாரஸ்யம். அது தனி ஒருவரின் வீடு கிடையாது, புஜியான் பக்கத்து ஒரே ஊரிலிருந்து வந்த கூ குலப்பெயர்க்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான கோயில், கூடம், பஞ்சாயத்து எல்லாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயிலை வைத்துப் பங்காளி சொல்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கடைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் நுழைந்தால் திடீரென்று கருங்கல் பாவிய சதுக்கம், எதிரே கூரை முழுக்க டிராகனும் பூவுமாகக் கோயில். முதலில் இன்னும் ஆடம்பரமாகக் கட்டினார்களாம், முடித்த கையோடு எரிந்துபோயிற்று. ராஜா அரண்மனை மாதிரி கட்டினதால் தெய்வத்துக்கே கண்பட்டுவிட்டது என்று சொல்லி, கொஞ்சம் அடக்கமாகத் திரும்பக் கட்டி 1906-ல் முடித்தார்கள். அடக்கமே இப்படி என்றால் எரிந்துபோனது எப்படி இருந்திருக்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

கேள்வி: பினாங்கு என்றாலே செட்டியார் கதைதானா? மற்றவர்கள் யாருமே போகவில்லையா?
(கல்லூரி மாணவி, திருப்பத்தூர்)

சரியான இடத்தில் குட்டியிருக்கிறீர்கள். செட்டியார்கள் போனது பிற்பாடு, கையில் முதலோடு. அதற்கு முன்பே, கம்பெனி தன் இந்தியக் கைதிகளை அங்கே நாடுகடத்தி, ரோடு போடவும் காடு வெட்டவும் வைத்தது. மேலே சொன்ன புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதும் கைதிகளின் உழைப்புத்தான், ஆனால் அவர்களில் ஒருவர் பேரும் அங்கே எந்தக் கல்லிலும் கண்ணில் படவில்லை. தமிழ் முஸ்லிம்கள் லைட் வருவதற்கு முன்பே அந்தக் கடலில் வியாபாரம் செய்தவர்கள், அவர்கள் பேரில்தான் சூலியா தெரு, அந்தத் தெருவிலேயே நாகூர் தர்கா ஒன்றும் உண்டு. நாகூர் ஆண்டவரை நேர்ந்துகொண்டுதானே கப்பல் ஏறினார்கள், இறங்கியதும் அங்கேயும் ஒரு தர்கா எழுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், படகுக்காரர்கள், உள்நாட்டில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் இந்தக் கரையில்தான் கால் வைத்தார்கள். செட்டியார்களுக்கு வீடு நின்றது, பேர் நின்றது. மற்றவர்கள் விஷயத்தில் மாரியம்மன் கோயில்தான் நின்றது. ஊர் சுற்றும்போது பள்ளிவாசல், தர்கா, மாரியம்மன் கோயில் மூன்றையும் விடாதீர்கள் என்பது அதனால்தான்.

கேள்வி: என் தம்பியின் பெயர் தண்ணீர்மலை. மெட்ராஸ் காலேஜில் இதை வைத்தே அவனைக் கேலி செய்கிறார்கள். இப்படி ஒரு பேர் ஏன் வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டால் 'சாமி பேர்' என்பதோடு சரி. எந்த ஊர் சாமி?
(கண்டனூர்)

பினாங்கு சாமி! கேலி செய்கிற பிள்ளைகளிடம் என் பேரில் ஒரு மலையும் அருவியும் வெளிநாட்டில் இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். ஊருக்குக் கொஞ்சம் வெளியே அருவி இருக்கிற மலையடிவாரத்தை ஆங்கிலேயர்கள் வாட்டர்ஃபால் என்றார்கள், நம்மவர்கள் தண்ணீர்மலை ஆக்கிவிட்டார்கள். அங்கே 1857-ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அந்த முருகன்தான் தண்ணீர்மலையான். கொண்டுவிற்கப் போன இடத்தில் கும்பிட்ட சாமியை ஊருக்கு வந்து பிள்ளைக்குப் பேராக வைத்திருக்கிறார்கள். பழனியப்பன் மாதிரி இது பினாங்குக்காரன்.

கோயில் நம் ஊர் வீட்டுக் கூடம் மாதிரி, தேக்குத் தூணும் பளபளத்த தரையுமாக இருக்கும். நடுப்பகலில் நம்மூர் மாதிரியே நடை சாத்திவிடுவார்கள், அதனால் இதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற தூரம் இல்லை, கிராப் ஆப்பில் வண்டி போட்டுக்கொள்ளலாம். பக்கத்து மலையில் 500 படிக்கு மேல் ஏறிப்போகிற பாலதண்டாயுதபாணி கோயில் ஒன்றும் இருக்கிறது, முழங்கால் சொல்படி கேட்டால் ஏறுங்கள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அங்கே செட்டிப் பூசம். பினாங் ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகும். அந்த ரதம் 1894-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பகல் பூராவும் ஆகும், ஏனென்றால் வழியெல்லாம் தேங்காய். ஒன்று ரெண்டு இல்லை, குவியல் குவியலாக ரோட்டில் அடிப்பார்கள், சீனர்களும் தமிழர்களுக்குச் சமமாக நின்று அடிப்பார்கள், ரோடே வெள்ளையாகிவிடும், இளநீரில் கால் வழுக்கும். இங்கேயிருந்து நம் ஆட்கள் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்துகொண்டிருக்கும் அதே வேளையில். உங்கள் பயணம் தை மாதம் என்றால் அந்த நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கு வேறு எதையும் பார்க்கலாம் என்று கனவுகூடக் காணாதீர்கள்.

கேள்வி: அசைவம்? சுருக்கமாகச் சொல்லவும்.
(பள்ளத்தூர்)

நாசி கண்டார். தோளில் கம்பு போட்டு ரெண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகத் தமிழ் முஸ்லிம்கள் விற்றது, கண்டார் என்றால் அந்தக் காவடித் தூக்கு. சோற்றின் மேல் எந்தக் குழம்பு என்று கேட்டால் யோசிக்காமல் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று அர்த்தம், எல்லாக் குழம்பிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஊற்றிவிடுவார். முதலில் பார்க்கக் கண்றாவியாக இருக்கும். ரெண்டாவது வாயில் வாயடைத்துப் போவீர்கள். முடித்துவிட்டுப் பினாங்கு ரோட்டுப் பக்கம் போய் ஒரு செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிற சேமியா மாதிரி ஒன்று, ஐஸ். வெயிலுக்கு அதைவிட வேறு மருந்து இல்லை.

கேள்வி: விசா, விமானம்?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பவேண்டும், இலவசம்தான், இதற்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏமாந்தார். நமக்குச் சுலபம் திருச்சியிலிருந்து கோலாலம்பூர். அங்கிருந்து பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு ரயில், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் 2024 டிசம்பரில் ஆரம்பித்தார்கள், டிக்கெட் போடும்போது ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் எல்லாம் நமக்கு எட்டாது. காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு பழைய துறைமுகம் சொல்லுங்கள். தொண்டி எப்படி?
(ஆட்டோ ஓட்டுநர், காரைக்குடி)

தொண்டி பக்கம்தான், தேவகோட்டை வழியாகப் போய்விடலாம். ஆனால் பார்க்க என்று கோட்டையோ கட்டிடமோ எதிர்பார்த்துப் போகாதீர்கள், மீன் படகும் அமைதியான கடலும்தான். பிள்ளைகள் காலை நனைத்த பிறகு அப்படியே தேவிபட்டினம் நவபாஷாணத்தையும் பார்த்துவிட்டு வரலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.

கோட்டைதான் வேண்டும் என்றால் தரங்கம்பாடி. நாலு மணி நேரத்துக்குக் குறையாது, விடியற்காலையில் கிளம்பவேண்டும். 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர். மாசிலாமணிநாதர் கோயிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சம் இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் கோட்டை, மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் தெருவில் ஒரு நடை. உங்கள் ஆட்டோவில் வேண்டாம், முதுகு போய்விடும்.

கேள்வி: நான் 1960-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவன். டெக்கில்தான் படுக்கை. இப்போது 84 வயது, பேத்தி விமானத்தில் கூட்டிப்போகிறாள். கப்பல் சர்வீஸ் சுத்தமாக இல்லையா? கடல் வழியாக அந்த ஊருக்குள் நுழைவதை இன்னொரு தடவை பார்க்க ஆசை.
(காரைக்குடி)

கப்பல் இல்லை ஐயா. 1926-ல் கட்டிய ரஜூலா 1970-களில் ஓய்ந்தது, அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் உங்கள் ஆசைக்கு ஒரு வழி இருக்கிறது. பேத்தியிடம் பினாங்கு விமான நிலையத்துக்கு டிக்கெட் போடாதே என்று சொல்லுங்கள். கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் பட்டர்வொர்த் வந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பயணிகள் படகு போய்க்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம்தான், உள்ளே ஏசியில் இடம் கிடைத்தாலும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்துவிடாதீர்கள். வலது பக்கமாக இடம் பிடியுங்கள், கோட்டையும் மணிக்கூண்டும் அந்தப் பக்கம்தான்.